செஸ் விளையாட்டில் சேர்த்தியா?

2021 டிசம்பர் 3. துபாயில் உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம். மாலை நாலரை மணிக்கு உட்கார்ந்த மாக்னஸ் கார்ல்சனும் இயான் நெபோம்னியாச்சியும் நாற்காலியை விட்டு எழுந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. 7 மணி 45 நிமிடம். 136 நகர்த்தல்கள். உலகச் சாம்பியன் பட்டத்துக்காக நடந்த ஆட்டங்களில் இதைவிட நீண்டது கிடையாது. கடைசியில் கார்ல்சனிடம் மிஞ்சியவை ஒரு யானை, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய்கள். எதிரே நெபோவின் ராணி. டிராவில் முடிந்திருக்க வேண்டிய நிலையைக் கார்ல்சன் விடாமல் அழுத்தி அழுத்தியே வென்றார்.

அதற்கு முந்தைய ஐந்து ஆட்டங்களும் டிரா. 2018 உலகச் சாம்பியன்ஷிப்பில் கருவானாவோடு கார்ல்சன் ஆடிய 12 கிளாசிக்கல் ஆட்டங்களும் டிரா. ஐந்து வருடமாக அந்த மேடையில் கிளாசிக்கல் ஆட்டம் ஒன்றில்கூட யாரும் யாரையும் தோற்கடித்திருக்கவில்லை. ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகு நெபோ வேறு ஆளாகிப்போனார். எட்டாவதில் தோற்றார். ஒன்பதாவதில் தன் பிஷப் திரும்பி வர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளத் தானே இடம் கொடுத்தார். பதினொன்றாவதிலும் தோற்றார். 14 ஆட்டங்கள் நடக்க வேண்டிய போட்டி அத்தோடு 7.5-3.5 என்று முடிந்தது. உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவர், கிளப் ஆட்டக்காரர்கள்கூட யோசித்துத் தவிர்த்துவிடும் தவறுகளைச் செய்தார். ஏழே முக்கால் மணி நேரம் அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது என்றுதான் நான் அந்த ஆட்டங்களைப் படிக்கிறேன். செஸ் அறிவை அவர் ஒரே இரவில் இழந்திருக்க முடியாது.

'உட்கார்ந்த இடத்தில் காய் நகர்த்துவதை எப்படி ஐயா விளையாட்டு என்று ஒத்துக்கொள்வது?' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த துபாய் கதையைத்தான்.

கேட்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியனாகி, தமிழக அரசு ரூ.5 கோடி அறிவித்தபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர்களில் பலர் விளையாட்டை நேசிப்பவர்கள். மண் தடத்தில் ஸ்பைக்ஸ் இல்லாமல் ஓடும் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவர்கள், கபடிக்கு மேட் கிடைக்காமல் அலைகிறவர்கள். குளிரூட்டிய ஹாலில் கோட்டு போட்டு உட்கார்ந்து ஆடுவதும், வெயிலில் நுரையீரல் வெடிக்க ஓடுவதும் ஒரே பெயரில், ஒரே நிதியில், ஒரே விருதில் அடங்குமா என்ற அவர்களுடைய கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும்.

என் பதில் இது: திண்ணையில் பொழுதுபோக ஆடும் செஸ் ஓர் ஆட்டம். மேசையில் கடிகாரம் வைத்து, ரேட்டிங் பணயம் வைத்து, ஒன்பது நாள், பதினொரு சுற்று என்று ஆடும் செஸ் போட்டி விளையாட்டு. தெருவில் பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட்டுக்கும் சேப்பாக்கத்தில் நடக்கும் டெஸ்ட் போட்டிக்கும் இடையில் இருக்கும் அதே தூரம்தான் இங்கேயும் இருக்கிறது. ஆனால் விளையாட்டு என்று பெயர் கொடுத்துவிட்ட நாம், அந்தப் பெயரோடு வர வேண்டிய பொறுப்பைக் கொடுத்தோமா? இந்தக் கட்டுரையின் கவலை அங்கேதான் இருக்கிறது.

1961-லேயே வந்த பதில்

இந்தியாவைப் பொறுத்தவரை அரசு எப்போதோ முடிவெடுத்துவிட்டது. அர்ஜுனா விருது தொடங்கிய ஆண்டு 1961. அந்த முதல் பட்டியலிலேயே செஸ்ஸுக்கு இடம் கிடைத்தது. பெற்றவர் மானுவேல் ஆரோன். அதே ஆண்டில்தான் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டராகவும் ஆனார். முப்பது ஆண்டுகள் கழித்து, நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதாகக் கேல் ரத்னாவை உருவாக்கினார்கள். 1991-92க்கான முதல் விருது யாருக்கு? ஓட்டக்காரருக்கோ ஹாக்கி வீரருக்கோ கிரிக்கெட் வீரருக்கோ போகவில்லை. விஸ்வநாதன் ஆனந்துக்குப் போனது. இரண்டு பெரிய விருதுகளும் பிறந்த வருடத்திலேயே செஸ்ஸைத் தேடி வந்திருக்கின்றன. இரண்டு முறையும் தமிழ்நாட்டுக்கு.

நம் ஊர் செஸ்ஸை விளையாட்டாகவே பார்த்ததற்கு ஒரு சோவியத் காரணமும் உண்டு. சென்னையில் இருந்த சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் மிகயில் தால் செஸ் கிளப் தொடங்கியது, தொடங்கியவர் ஆரோன். சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகிய இடம் அது. அங்கே வந்து சேர்ந்த புத்தகங்களோடும் பத்திரிகைகளோடும் சோவியத் நாட்டின் பார்வையும் வந்தது. சோவியத் நாட்டில் 1920-களிலிருந்தே செஸ் உடற்பயிற்சித் துறையின் கீழ்தான் இருந்தது. மாஸ்டர் நிலைக்கு வந்த செஸ் வீரருக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரருக்கும் ஒரே 'விளையாட்டு மாஸ்டர்' பட்டத்தைத்தான் கொடுத்தார்கள். மிகயில் போட்வின்னிக் போட்டிக்கு முன் ஊருக்கு வெளியே போய்த் தங்கி, நடந்து, உடற்பயிற்சி செய்து, உணவு நேரத்தைக் கணக்காக வைத்துக்கொண்டு தயாரானவர். போட்டி அறையில் எதிராளி சிகரெட் ஊதுவது அவருக்குத் தொந்தரவாக இருந்தது. அதனால் பயிற்சி ஆட்டங்களில் தன் முகத்தில் புகை விடச் சொல்லிப் பழகினார். பொழுதுபோக்குக்கு உட்காருகிறவர் யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை.

வெளிநாடுகளில் கதை வேறு. ஜெர்மனியின் வரிச்சட்டம், விளையாட்டை வளர்க்கும் சங்கங்களுக்குச் சலுகை தரும் இடத்தில், செஸ் விளையாட்டாகக் கருதப்படும் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. அப்படி எழுதியிருந்தும், 2014 வாக்கில் அங்குள்ள உள்துறை அமைச்சகம் செஸ்ஸில் உடல் அசைவு இல்லை என்று சொல்லி மத்திய நிதியை நிறுத்தப் பார்த்தது. நாடாளுமன்றத்தில் குரல் எழுந்த பிறகே நிதி மீண்டது.

இங்கிலாந்து நேரெதிர். அங்கே விளையாட்டு நிதியைப் பகிரும் அமைப்பு, உடல் உழைப்பு இருந்தால்தான் விளையாட்டு என்ற வரையறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2015-ல் பிரிட்ஜ் சீட்டாட்டச் சங்கம் இதை எதிர்த்து லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றது. 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் வரி வழக்கொன்றில், பிரிட்ஜ் விளையாட்டு ஆகாது என்றது. செஸ்ஸும் அதே வேலிக்கு வெளியேதான் நின்றது. 2023 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் அரசு மனம் இறங்கி, செஸ் கூட்டமைப்புக்கு 5 லட்சம் பவுண்டும், பூங்காக்களில் 100 செஸ் மேசைகளும், பள்ளிகளுக்கு உதவியும் அறிவித்தது. 1970-களிலும் 80-களிலும் கிராண்ட்மாஸ்டர்களை வரிசையாக உருவாக்கிய நாடு அது. இந்த அறிவிப்புக்காக அந்த நாட்டு வீரர்கள் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

லண்டனில் பிரிட்ஜ் விளையாட்டு இல்லை என்று தீர்ப்பு வந்து மூன்றாவது வருடம், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே பிரிட்ஜுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். வென்றவர்கள் நம் நாட்டின் பிரணாப் பர்தனும் சிவநாத் சர்க்காரும். ஒருவருக்கு வயது 60, இன்னொருவருக்கு 56. செஸ் அந்தப் போட்டியில் இல்லை. 2006 தோஹாவில் இருந்தது, கொனேரு ஹம்பி தங்கம் வென்றார். 2010 குவாங்சோவில் இருந்தது. 2014-லும் 2018-லும் காணோம். 2023-ல் நடந்த ஹாங்சோ போட்டியில் திரும்பி வந்தது. நம் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் வெள்ளி. போட்டியை நடத்தும் நாடு மாறும்போதெல்லாம் செஸ்ஸின் தன்மையா மாறிவிடுகிறது?

ஒலிம்பிக்ஸில் இல்லையே என்பார்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-ல் அங்கீகரித்தது; 2000 சிட்னி ஒலிம்பிக்ஸின்போது ஆனந்தும் ஷிரோவும் காட்சி ஆட்டமும் ஆடினார்கள். பதக்கப் பட்டியலில் மட்டும் இடம் தரவில்லை. அதே ஒலிம்பிக்ஸ்தான் 1912 முதல் 1948 வரை ஓவியத்துக்கும் கவிதைக்கும் கட்டடக் கலைக்கும் பதக்கம் கொடுத்தது. எது விளையாட்டு என்பதற்கான இறுதித் தீர்ப்பை நாம் அங்கே போய்த் தேட வேண்டியதில்லை.

எதிர்வாதத்தின் பலம்

செஸ் விளையாட்டில் சேராது என்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. செஸ் ரசிகர்கள் பலரும் அதைக் கேட்காமலே கடந்துபோகிறார்கள். அந்த வாதம் இப்படிப் போகும்: 'நீரஜ் சோப்ராவின் ஈட்டியை அவருக்குப் பதிலாக வேறொருவர் எறிய முடியாது. குகேஷின் நகர்த்தலை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம். அவர் வாயால் சொன்னாலே போதும், தொலைபேசியில் சொன்னாலும் போதும். காயைத் தொடும் விரலில் திறமை இல்லை. அப்படியானால் உடலுக்கு இங்கே என்ன வேலை?'

உண்மைதான். இதை மறுத்துப் பேசுவதில் பயனில்லை. செஸ்ஸில் உடல் நேரடியாக எதையும் செய்துகாட்டுவதில்லை. அந்த வகையில் அது ஓட்டத்திலிருந்தும் நீச்சலிலிருந்தும் வேறுபட்டதுதான். ஆனால், ஒரு நாற்பது நிமிட ஆட்டத்தை மனதில் வைத்து யோசிக்கும்வரைதான் இந்த வாதம் முழுமையாகத் தெரியும். கிளாசிக்கல் ஆட்டம் நாலு மணி, ஐந்து மணி, ஆறு மணி நேரம் போகும். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. முதல் மணி நேரத்தில் யார் நன்றாக யோசிக்கிறார் என்பதை ஓப்பனிங் தயாரிப்பு தீர்மானிக்கும். ஐந்தாவது மணி நேரத்தில், கடிகாரத்தில் மூன்றே நிமிடம் மிச்சம் இருக்கும்போது யார் நன்றாக யோசிக்கிறார் என்பதைத் தூக்கமும் ரத்த ஓட்டமும் முதுகெலும்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

1984 செப்டம்பரில் மாஸ்கோவில் தொடங்கிய கார்போவ் - காஸ்பரோவ் போட்டியில் இதை உலகமே பார்த்தது. முதலில் ஆறு வெற்றி பெறுபவருக்குப் பட்டம் என்பது விதி. ஒன்பது ஆட்டங்கள் முடிவதற்குள் கார்போவ் 4-0. 27-வது ஆட்டத்தில் 5-0. இன்னும் ஒன்றே ஒன்று வென்றால் போதும். அந்த ஒன்று வரவேயில்லை. டிரா, டிரா, டிரா. மொத்தம் 40 டிராக்கள். ஐந்து மாதம் ஓடிப்போனது. ஏற்கெனவே ஒல்லியான கார்போவ் பத்து கிலோ வரை எடை குறைந்துபோனார் என்று பேசப்பட்டது. 21 வயது காஸ்பரோவ் நின்று நிதானித்துத் திருப்பி அடிக்க ஆரம்பித்தார். 47, 48-வது ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று 5-3 ஆக்கினார். 1985 பிப்ரவரி 15 அன்று ஃபிடே தலைவர் காம்போமானஸ், வீரர்களின் சோர்வைக் காரணம் சொல்லி, முடிவே இல்லாமல் போட்டியை நிறுத்தினார். நிறுத்தியது சரியா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. விதியை மாற்ற வேண்டியிருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்த போட்டியில் 24 ஆட்டங்கள் என்று எல்லை கட்டினார்கள். உடல் தாங்காததால் விதி மாறியது. பொழுதுபோக்கு ஆட்டம் எதற்கும் இப்படி நேர்ந்ததாக நான் அறியேன்.

இங்கே என் பக்கத்து ஆட்களிடமும் ஒரு வார்த்தை. செஸ் வீரர் ஒரு நாளில் 6,000 கலோரி எரிக்கிறார் என்ற தகவல் சில வருடங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து அதைப் பரப்ப வேண்டாம். சும்மா இருக்கும்போதே நம் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. தீவிரமாக யோசிப்பதால் அது பல மடங்காக ஏறிவிடுவதில்லை. 2018-ல் மிகயில் அந்திபோவ் என்ற ரஷ்ய வீரர் இரண்டு மணி நேர ஆட்டத்தில் 560 கலோரி எரித்ததாக ஒரு கருவி காட்டியது. அந்த வகைக் கருவி இதயத் துடிப்பைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. பதற்றத்திலும் இதயம் வேகமாக அடிக்கும். அதை ஓட்டத்தின் கணக்கில் போட்டால் எண் ஊதித்தான் போகும். செஸ்ஸை விளையாட்டு என்று நிரூபிக்கப் பொய்யான எண் எதற்கு? பதற்றத்தில் இதயம் அப்படி அடிக்கிறது, அதை அடக்கிக்கொண்டு துல்லியமாக யோசிக்க வேண்டியிருக்கிறது என்ற உண்மையே போதும். துப்பாக்கி சுடும் வீராங்கனையிடமும் நாம் கேட்பது அந்த அடக்கத்தைத்தான்.

துப்பாக்கி சுடுதலைச் சொன்னதும் 2022 மாமல்லபுரம் நினைவுக்கு வருகிறது. 44-வது செஸ் ஒலிம்பியாடில் ஹரிகா துரோணவல்லி ஒன்பது மாத கர்ப்பத்தோடு ஆடினார். அரங்குக்கு வெளியே ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. இந்தியப் பெண்கள் அணிக்கு வெண்கலம் கிடைத்தது. ஒலிம்பியாடில் அதுவே நம் பெண்களின் முதல் பதக்கம். நிறைமாத கர்ப்பிணி ஆடக்கூடியதை எப்படி விளையாட்டு என்பது என்று அப்போது சிலர் கேட்டார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் மலேசியாவின் நூர் சூர்யானி தைபி எட்டு மாத கர்ப்பத்தோடு 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் சுட்டார். 2024 பாரிஸில் எகிப்தின் நாடா ஹஃபீஸ் ஏழு மாத கர்ப்பத்தோடு வாள்வீச்சு மேடை ஏறினார். அவற்றை விளையாட்டில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஹரிகாவின் அந்த நாட்களை நான் செஸ்ஸுக்கு எதிரான சாட்சியாக அல்ல, அவருடைய மன உறுதிக்கான சாட்சியாகவே பார்க்கிறேன்.

ஊக்கமருந்துச் சோதனை செஸ்ஸிலும் உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளை ஃபிடே ஏற்றிருக்கிறது. 2008 டிரெஸ்டன் ஒலிம்பியாடில் கடைசி ஆட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில் வாசிலி இவான்சுக் சோதனைக்குப் போகாமல் வெளியேறி, தடையின் விளிம்புக்குப் போய் மீண்டார். மருந்தால் செஸ்ஸில் பயன் உண்டா என்றும் ஜெர்மன் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வில், விழிப்பைக் கூட்டும் மருந்து சாப்பிட்டவர்கள் ஆழமாக யோசித்தார்கள். ஆனால் அதிக நேரம் எடுத்துக்கொண்டதால் கடிகாரம் தீர்ந்தும் தோற்றார்கள்.

இன்று முன்னணி வீரர்கள் எப்படித் தயாராகிறார்கள் என்று பார்த்தாலும் இதே படம்தான். கார்ல்சன் நார்வேயின் ஒலிம்பிக் பயிற்சி மையத்துக்குப் போய், ஆட்டத்தின் நடுவே எதைக் குடிப்பது என்றுகூடக் கேட்டுவந்தார்; ஆரஞ்சு ஜூஸை விட்டுப் பாலுக்கு மாறினார். குகேஷுக்கு மனப் பயிற்சி தந்த பேடி அப்டன், 2011-ல் உலகக் கோப்பை வென்ற நம் கிரிக்கெட் அணியோடு வேலை செய்தவர். சிங்கப்பூரில் கிட்டத்தட்ட மூன்று வாரம் நடந்த, குகேஷ் பட்டம் வென்ற உலகச் சாம்பியன்ஷிப் போட்டியின் கடைசி ஆட்டம், 55-வது நகர்த்தல். ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். எதிரே இருந்த பதினெட்டு வயதுப் பையன் அந்த நேரத்திலும் விழித்திருந்தான். டிராவுக்கு ஒப்புக்கொள்ளாமல் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்ததற்குக் கிடைத்த பலன் அது.

பெயரால் என்ன லாபம்?

விளையாட்டு என்ற அங்கீகாரம் நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு 2023 டிசம்பரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் அப்போது குகேஷுக்கு இடம் உறுதியாகவில்லை. அந்த வருடத்து ஃபிடே சர்க்யூட் புள்ளிகளில் முன்னேற இன்னொரு வலுவான போட்டி தேவைப்பட்டது, வருடமோ முடியப்போகிறது. மிக்ஜாம் புயலின் வெள்ளம் சென்னையை அப்போதுதான் உலுக்கிப் போயிருந்தது. அந்த நிலையிலும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மிகக் குறுகிய அவகாசத்தில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியை நடத்தியது. டிசம்பர் 15 முதல் 21 வரை. குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் சமமாக முடிக்க, டைபிரேக்கில் குகேஷ் முதலிடம். அந்தப் புள்ளிகள் அவரை 2024 ஏப்ரலில் டொரண்டோவுக்குக் கொண்டுபோயின. அங்கே 17 வயதில் கேண்டிடேட்ஸை வென்றார். அந்த வயதில் அதை வென்றவர் அதற்கு முன் யாரும் இல்லை. அங்கிருந்து சிங்கப்பூர்.

செஸ் பொழுதுபோக்குப் பட்டியலில் இருந்திருந்தால் இந்த உதவிக்கு எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது? லண்டனில் அந்தக் கதவு நெடுநாள் பூட்டியே கிடந்தது. இங்கே ஆணையம் இருந்தது, அதிகாரி இருந்தார், கோப்பு நகர்ந்தது. 2013-ல் ஆனந்த் - கார்ல்சன் போட்டியைச் சென்னை நடத்தியதும், நாலே மாத அவகாசத்தில் 2022 ஒலிம்பியாடை நடத்தி முடித்ததும் இதே அங்கீகாரத்தின் பலத்தில்தான். விளையாட்டு இடஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்தவர்கள், ரயில்வேயிலும் எண்ணெய் நிறுவனங்களிலும் வேலை பெற்று, மாதச் சம்பளத்தின் நிம்மதியில் ஆடியவர்கள் என்று ஒரு தலைமுறையே இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. உச்சிக்குப் போனவர்களுக்குத்தான் இந்தக் கைகள் எளிதாக நீள்கின்றன. உச்சிக்குப் போகும் வழியில் நடப்பவர்களைத் தாங்குவது இன்னமும் வீடுதான். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 ரேட்டிங்கும், நார்ம் எனப்படும், அந்தத் தரத்துக்கு ஆடிக்காட்டிய மூன்று போட்டி முடிவுகளும் வேண்டும். நார்முக்குப் பட்டம் பெற்றவர்களோடும் வெளிநாட்டவரோடும் ஆட வேண்டும். அதற்காக ஸ்பெயின், செர்பியா, ஹங்கேரி என்று அலைய வேண்டும். டிக்கெட், விசா, அறை வாடகை எல்லாம் அப்பா அம்மாவின் சேமிப்பிலிருந்து போகிறது. குகேஷின் தந்தை ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் மருத்துவத் தொழிலையே நிறுத்தி வைத்தார். பிரக்ஞானந்தா, வைஷாலியின் அம்மா ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போய் ரசம் சாதம் வைத்துக் கொடுத்ததை நாம் நெகிழ்ந்து படித்தோம். நெகிழ வேண்டியதுதான். ஆனால் வேறு எந்த விளையாட்டிலாவது தேசிய அணி வீரரின் உணவு அவருடைய அம்மாவின் பொறுப்பு என்று நாம் விட்டுவிடுவோமா? மருத்துவர் வருமானம் இல்லாத, நிலையான சம்பளம் இல்லாத வீட்டில் அதே திறமையோடு பிறந்த பெண் பிள்ளை எங்கே நிற்கிறாள்?

திருச்சியைச் சேர்ந்த ஜெனிதா ஆன்டோவை எத்தனை பேருக்குத் தெரியும்? சக்கர நாற்காலியில் இருந்தபடி, மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கான உலகச் சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்றவர். காய் யார் கையால் நகர்ந்தாலும் ஆட்டம் ஒன்றுதான் என்ற எதிர்வாதத்தை மேலே பார்த்தோம். அந்தக் குணத்தால்தான் கை அசையாதவரும் கண் தெரியாதவரும் இங்கே யாரோடும் சமமாக உட்கார முடிகிறது. ஹாங்சோ பாரா ஆசியப் போட்டியில் நம் பார்வையற்ற வீரர்கள் செஸ்ஸில் தங்கம் வென்றார்கள். செஸ்ஸின் குறையாகச் சொல்லப்படுவதை நான் அதன் பெருமையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த அங்கீகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் இடமும் கண்ணுக்குத் தெரிகிறது. மைதானமே இல்லாத பள்ளிகள் வகுப்பறையில் நாலு செஸ் போர்டை விரித்து வைத்து, எங்களிடமும் விளையாட்டு இருக்கிறது என்கின்றன. உடற்கல்வி வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது பழைய கதை. இப்போது அந்த இடத்தில் செஸ் வந்து உட்கார்கிறது. செஸ்ஸை விளையாட்டு என்று ஏற்கச் சொல்லும் நானே இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். வளரும் பிள்ளைக்கு ஓட்டம், வியர்வை, வெயில் வேண்டும். செஸ்ஸில் மேலே போக நினைக்கும் பிள்ளைக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகவே வேண்டும். பத்து வயதில் தினமும் எட்டு மணி நேரம் திரையின் முன் குனிந்து உட்காரும் பிள்ளையின் கழுத்தையும் கண்ணையும் தூக்கத்தையும் யார் பார்க்கிறார்கள்? தோற்றுவிட்டு வரும் ஒன்பது வயதுக் குழந்தையை ஹாலின் வாசலிலேயே நிறுத்தித் திட்டும் பெற்றோரை எந்த மாவட்டப் போட்டிக்குப் போனாலும் பார்க்கலாம். தடகளத்தில் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வலித்தால் பிசியோவிடம் அனுப்புகிறோம். செஸ்ஸில் பதினைந்து வயதுப் பிள்ளை நாலு நாள் தூங்கவில்லை என்றால் இன்னும் நாலு புதிர் போடச் சொல்கிறோம்.

ஆகவே விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் செஸ் சங்கங்களுக்கும் சில வேண்டுகோள்கள். மாவட்ட அளவில் தேர்வாகும் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பிசியோவும் மனநல ஆலோசகரும் கிடைக்க வழி செய்யுங்கள். நார்ம் தேடிப் போகும் பயணத்துக்கு, பட்டம் வந்த பிறகு பரிசாகக் கொடுக்காமல், போகும் முன்பே உதவுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சிறு நகரத்துப் பிள்ளைகளுக்கும் அதில் முதலிடம் கொடுங்கள். வலுவான நார்ம் போட்டிகளைச் சென்னையோடு நிறுத்தாமல் மதுரையிலும் நெல்லையிலும் சேலத்திலும் நடத்துங்கள். வெளிநாடு போகும் செலவில் பாதி அங்கேயே மிஞ்சும். மாற்றுத்திறனாளி வீரர் வெல்லும் பதக்கத்துக்கும் மற்றவர் வெல்லும் பதக்கத்துக்கும் ஒரே பரிசுத்தொகை கொடுங்கள். உடற்கல்வி வகுப்பில் செஸ் ஆடவைப்பதை விளையாட்டு என்று கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குத் தனி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. உங்கள் பிள்ளை செஸ்ஸில் ஆர்வமாக இருந்தால், இன்று மாலை முதலில் அவளை ஒரு மணி நேரம் ஓடி விளையாட அனுப்புங்கள். போர்டை அதற்குப் பிறகு விரிக்கலாம்.